பச்சை குத்துதல்: இடமும் அளவும் - கொட்டியாரக் குடாவிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

பச்சை குத்தும் வழக்கத்தைப் பற்றி எழுதிய அறிஞர் பெரும்பாலும் ஒரு வினாவையே முதன்மையாகக் கொண்டனர்: எதைக் குத்திக்கொண்டனர்? தேளா, தாமரையா, கோலமா, பெயரா என்று வகைப்படுத்தி, ஒவ்வோர் உருவுக்கும் பொருள் கூறிச் செல்லுதல் அவ்வாராய்ச்சிகளின் பொதுவான போக்கு. எங்கே குத்தினர், எவ்வளவு பெரிதாகக் குத்தினர் என்னும் வினாக்கள் ஓரத்தில் ஒதுங்கிவிட்டன. ஆயினும், உருவைக் காட்டிலும் இடமும் அளவுமே ஒரு குறியின் வரலாற்றை மிகுதியாகச் சொல்லுகின்றன. நெற்றியிற் குத்தப்பட்ட எழுத்தை அதைத் தாங்குபவன் கண்ணாடியின்றிக் காணமுடியாது. அது பிறர் படிப்பதற்கென்றே எழுதப்பட்டது. முன்கையில் உள்ளதை அவனும் காண்பான், பிறரும் காண்பர். தோளில் உள்ளதை உடுத்த துணி மறைக்கும். ஆகவே இடத்தைத் தெரிவு செய்தல் என்பது, அக்குறியை வாசிப்பவர் யார் என்பதைத் தெரிவு செய்தலேயாகும்.

இவ்வினாவை எழுப்புவதற்கு மூதூர் பொருத்தமான களமாகும். கொட்டியாரப்பற்றின் தலையூராகிய மூதூர், மகாவலி கங்கை கடலொடு கலக்கும் கொட்டியாரக் குடாவின் தென்கரையிலே அமைந்தது. நீருக்கப்பால் வடக்கே திருகோணமலைத் துறைமுகம். ஊரிலே முஸ்லிம்களும் தமிழரும் அடுத்தடுத்து வாழ்வர். தெற்கே செல்லச் செல்லக் கரையோர வேடரின் குடியிருப்புக்கள் தொடங்கும். வயலும் மேய்ச்சல் தரவையும் கலந்த நிலமாதலின் மாடு இங்கே பெருஞ்செல்வம். மாட்டின் உடலிற் குறிசுடும் வழக்கைக் கிழக்கிலங்கைச் சிறுவரும் அறிவர். குடிக்குறியும் உரிமையாளரின் பெயரெழுத்தும் தோலில் நிலைத்திருப்பதனாலேயே பட்டியை விட்டுப் பிரிந்த எருமை தன் ஊருக்குத் திரும்பும். 1958ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விலங்குகள் சட்டம் குறிசுடுதலையும் மாட்டுச் சிட்டையையும் அரச ஒழுங்கினுட் கொண்டுவந்தது. குறி சிறிதாயின் உரோமம் மூடிவிடும். பெரிதாயின் தோலின் விலை கெடும். தூரத்தில் நின்று பார்ப்பவன் கண்ணுக்கு எட்டவேண்டும் என்பதே அளவின் இலக்கணம். மனிதத் தோலிலும் இவ்விலக்கணம் எந்த அளவுக்குச் செல்லும் என்பதே பின்வருவனவற்றின் பொருள்.

முதலிற் சொல்லை நோக்குதல் வேண்டும். குத்தப்படுவது கரி, நிறமோ கறுப்பு. அதனைத் தமிழர் பச்சை என்றது கண்ணாற் கண்டதையே. தோலின் மேற்படைக்குக் கீழே தங்கிய கரி, ஒளி சிதறுவதனால் நீலமும் பச்சையும் கலந்த நிறமாகவே வெளியே தோன்றும். சிங்களத்தில் இவ்வழக்கு 'பச்ச' கொட்டுதல் என்றே வழங்குகின்றது. தொழிலைக் குறிக்கும் வினை தம்முடையதாயிருக்கப் பெயரை மட்டும் தமிழிலிருந்து கொண்டமை, இத்தீவில் அத்தொழிலைச் செய்தோர் எம்மொழியினர் என்பதற்கு ஒரு சிறு சான்றாகலாம்.

பச்சைக்குத்தின் தொன்மையைச் சங்க இலக்கியத்துத் தொய்யிலோடு இணைத்துக் காட்டுவோர் உளர். அது பொருந்தாது. தொய்யில் என்பது மகளிரின் தோளிலும் மார்பிலும் குழம்பு கொண்டு கொடியும் கரும்புமாக எழுதப்படுவது, அழிவது, அழிவதனாலேயே மீண்டும் எழுதப்படுவது. அதற்குரிய இடங்கள் காதலனது கண்ணுக்கும் கைக்கும் உரியவை. பச்சைக்குத்தோ ஒருமுறை எழுதினால் உடலோடு சாம்பராவது. மகளிர் இறந்தபின் உடன் கொண்டு செல்லும் அணி இஃது ஒன்றே என்னும் நம்பிக்கை தமிழகத்துச் சிற்றூர்களில் உண்டு. இரண்டையும் இணைப்பது தோல் என்னும் ஒன்று மட்டுமே.

தமிழ்நாட்டிற் பச்சை குத்தியோர் பெரும்பாலும் குறவர் குலப் பெண்டிர். அவர்தம் தொழில்முறையைச் சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக 1885 முதல் 1908 வரை இருந்த எட்கார் தேர்ஸ்டன் விரிவாகப் பதிந்துள்ளார். மஞ்சட்பொடியையும் அகத்தியிலையையும் சேர்த்தரைத்து, மெல்லிய துணியிற் பூசித் திரியாகச் சுருட்டி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் இட்டு எரிப்பர். மேலே ஒரு புதுப்பானையைக் கவிழ்ப்பர். பானையின் உட்புறத்திற் படிந்த புகைக்கரியைச் சுரண்டித் தாய்ப்பாலிலோ நீரிலோ குழைப்பர். தையலூசிகள் சிலவற்றை ஒன்றாகக் கட்டியதே கருவி. முதலில் உருவை மழுங்கிய குச்சியால் தோலின்மேல் வரைந்துகொண்டு, பின்னர் அதன் வழியே குத்துவர். நோவு தெரியாதிருக்கப் பாடுவதும் உண்டு. குத்தி முடிந்ததும் மஞ்சள் பூசுதல், நிறம் தெளியவும் வீக்கம் தணியவும் என்பர்.

அவர் தரும் விலைக் குறிப்பு இக்கட்டுரைப் பொருளுக்கு மிக முக்கியமானது. ஒரு புள்ளிக்கோ கோட்டுக்கோ காலணா; சிக்கலான உருவொன்றுக்குப் பன்னிரண்டணா வரை; நாட்டுப்புறத்திற் காசுக்குப் பதில் அரிசி. அளவைத் தீர்மானித்தது அழகுணர்ச்சி மட்டுமன்று என்பது இதனாற் புலனாகும். ஏழைப் பெண்ணின் மோவாயில் ஒற்றைப் புள்ளி நின்றதையும், வசதியுள்ளவளின் முன்கை நிறையக் கோலம் படர்ந்ததையும் விருப்ப வேறுபாடு என்று மட்டும் கொள்ளுதல் தவறு. நாற்பத்தெட்டு மடங்கு விலை வேறுபாட்டை எந்த அழகியலும் மறைக்க முடியாது.

இடத்தைத் தெரிவதில் வேறு காரணங்களும் இருந்தன. மூட்டு நோவு, தசைப்பிடிப்பு ஆகியவற்றுக்கு மருந்தாகப் பச்சை குத்துவதும் வழக்கம். அப்போது நோவுள்ள இடமே குறியின் இடமாகும். விலகிய தோளின்மேல் அனுமன் உருவைக் குத்திக்கொண்டவரைத் தேர்ஸ்டன் குறிப்பிடுகிறார். ஏனையோர்க்கு முன்கையின் உட்புறமே முதலிடம். தோலின் இயல்பை அறிந்தோர் இத்தெரிவை வியவார். ஊசி சென்று தங்க வேண்டிய ஆழம் ஒன்றிரண்டு மில்லிமீற்றர் மட்டுமே. மேற்றோல் ஏறக்குறைய ஒரு மாதத்திற் புதுப்பிக்கப்பட்டு உதிர்ந்துவிடும். அதன் கீழுள்ள உட்டோலே கரியைக் காக்கும். அங்கும் கரி அசையாது கிடப்பதில்லை. உட்டோலின் விழுங்கு கலங்கள் அதனை உட்கொண்டு வைத்திருக்க, அவை இறக்கும்போது வெளிப்படும் கரியைப் புதிய கலங்கள் மீண்டும் விழுங்குகின்றன என்பதை 2018இல் பிரெஞ்சு ஆய்வாளர் எலிகளிற் காட்டினர். காலம் செல்லச் செல்லக் கோடு சற்றே அகலும். நெருங்கிய புள்ளிகள் ஒன்றாகும். உள்ளங்கையிலும் பாதத்திலும் குறி நில்லாது. வயிறு பேறுகாலத்தில் விரியும். மணிக்கட்டு, முழங்கை முதலிய மூட்டுக்கள் ஓயாது மடியும். முன்கையின் உட்புறமோ வெயில் குறைவாகப் படுவது, அதிகம் விரியாதது, நிறமும் சற்று வெளுத்தது. நூல் படிக்காத குறத்தியர் இதனை அனுபவத்தால் அறிந்திருந்தனர் போலும்.

எழுத்தைக் குத்தும்போது அளவு இன்னும் கண்டிப்பானதாகின்றது. தமிழெழுத்துச் சுழிகள் நிறைந்தது. 'ட'வும் 'ப'வும் சிறிதாக எழுதினாலும் முப்பதாண்டு தாங்கும். 'ண'வின் சுழிகளும் 'ஞ'வின் மடிப்பும் அவ்வாறல்ல. சிறிதாகக் குத்தப்பட்ட சுழியின் உள்வெளி கரியால் நிரம்பி, எழுத்து ஒரு கரும்புள்ளியாகிவிடும். முதிய பெண்டிரின் கைகளில் உள்ள பெயர்கள் பள்ளிக் கொப்பியின் எழுத்தைவிடப் பெரிதாக, இடைவெளிவிட்டு நிற்பதற்குக் காரணம் குத்தியவளின் எழுத்தறிவுக் குறைவு என்று கருதுவோர் இதனையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பெயர் என்றதும் ஒன்று சொல்லத்தக்கது. கணவன் பெயரை மனைவி வாயாற் கூறலாகாது என்னும் பழைய வழக்கம் தமிழரிடையே வலுவாயிருந்தது. வழக்குமன்றிலோ குடிமதிப்பிலோ எவரேனும் கேட்டால் என் செய்வது? அண்டை வீட்டாளைச் சொல்லச் சொல்லலாம். கையிலே குத்தியிருந்தால் கையை நீட்டிவிடலாம். இங்கே முன்கை நாவாகின்றது. தோளிலோ முதுகிலோ இருந்தால் இப்பயன் இல்லை.

நீலகிரியின் தோடர் மகளிர் மற்றொரு நெறியைக் கொண்டனர். அவர் குத்திக்கொண்டவை உருவங்களல்ல; புள்ளிகளும் புள்ளியாலான வட்டங்களுமே. மோவாய், தோள், மார்பு, கை ஆகிய இடங்களில் ஒழுங்குபட அமைந்த அவ்வரிசைகளை 1906இல் வெளிவந்த ரிவர்ஸ் என்பாரின் நூல் விளக்குகின்றது. அங்கே அளவு தனிப்பட்டவரது தெரிவன்று. ஒவ்வொரு புள்ளியும் சிறிது, வரிசையே பெரிது.

இதுவரை கூறியவற்றில் ஓரளவேனும் உடலுக்குரியவரின் விருப்பம் உண்டு. நிறுவனங்கள் இடத்தையும் அளவையும் தாமே வகுக்கத் தொடங்கும்போது நிலைமை மாறுகின்றது. வைணவரின் ஐவகைச் சம்ஸ்காரங்களுள் ஒன்றாகச் சூடாக்கிய சக்கரம் வலத்தோளிலும் சங்கு இடத்தோளிலும் பொறிக்கப்படும். இடம் மாறுதல் இயலாது, அளவு அச்சின் அளவே. தேவரடியார் உடலிற் சூல இலச்சினை இடப்பட்டமை சோழர் காலக் கல்வெட்டுக்களால் அறியப்படும். அடியார் தாமே வேண்டிப் பெறுவதற்கும் உடைமை என இடப்படுவதற்கும் வேறுபாடு பெரிது; பொறியைப் பார்த்து மட்டும் அவ்வேறுபாட்டை அறிதல் அரிது.

இவ்வகையில் மிகக் கொடியது வங்காளத்திற் கும்பினி அரசு செய்தது. 1797ஆம் ஆண்டின் ஒழுங்குவிதி, ஆயுட்கைதிகளின் நெற்றியிலே பெயரும் குற்றமும் தீர்ப்பு நாளும் பச்சை குத்தப்பட வேண்டும் எனப் பணித்தது. 'கோதனா' என்பது வட இந்தியாவில் மகளிர் அழகுக்காகக் குத்திக்கொள்ளும் பச்சைக்குத்தின் பெயர். அதே பெயர், அதே ஊசி, அதே கரி. மாறியது இடமும் அளவும் மட்டுமே. முன்கையில் அணியாக நின்றது நெற்றிக்கு ஏறியதும் தண்டனையாயிற்று. ஒரு தீர்ப்பின் வாசகத்தைக் கொள்ளவேண்டியிருந்தமையால் நெற்றி முழுவதும் பரவிற்று. பினாங்கு, சிங்கப்பூர், மொறீசியஸ் ஆகிய இடங்களுக்குக் கடல்கடத்தப்பட்ட கைதிகள் தலைப்பாகையை நெற்றிக்கு இறக்கிக் கட்டியும் மயிரை முன்னே வளர்த்தும் அவ்வெழுத்தை மறைத்தனர். அவ்வழக்கம் 1849இல் ஒழிக்கப்பட்டது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு நிலைத்த ஒரு சட்டத்துக்கு எதிராக அம்மனிதர் செய்யக்கூடியதாயிருந்தது ஒரு முழத் துணியை இரண்டு விரற்கடை கீழே இழுத்துவிடுவது மட்டுமே. ஐரோப்பாவில் 1940களில் அவுஸ்விட்ஸ் முகாமிற் கைதிகளின் எண் முதலில் மார்பிலும் பின்னர் இடமுன்கையிலும் குத்தப்பட்டது. மார்பு ஆடையால் மறையும். கையைக் காவலன் எளிதிற் புரட்டிப் பார்க்கலாம். அங்கும் வாசகன் வசதியே இடத்தைத் தீர்மானித்தது.

தானே விரும்பிக் குத்திய பச்சையும் அரசின் ஏட்டில் அகப்பட்டுக்கொள்வதுண்டு. 1860இல் 'துரூரோ' என்னும் கப்பல் சென்னையிலிருந்து தமிழ்த் தொழிலாளரை நேற்றாலுக்குக் கொண்டு சென்றது. அக்காலக் கப்பற் பட்டியல்களில் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர் என்பவற்றோடு உடற்குறி என்றொரு நிரலும் உண்டு. தாய்வீட்டில் அரிசி கொடுத்துக் குத்திய கோலம், ஒப்பந்தத்தை விட்டு ஓடியவளைப் பிடிக்கும் அடையாளமாக அந்நிரலில் ஏறியது. இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்தபோது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேறு முறை கைக்கொள்ளப்பட்டது. தோட்டத்தின் குறியும் எண்ணும் பொறித்த தகரத்துண்டு ஆளோடு அனுப்பப்பட்டது. தகரம் தோலைவிட இரக்கமுள்ளது, கழற்றி வைக்கலாம்.

இனிக் கொட்டியாரக் குடாவின் நீருக்குத் திரும்பலாம். 1659ஆம் ஆண்டின் பிற்பகுதியிற் புயலாற் பாய்மரம் முறிந்த 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல் இக்குடாவில் நங்கூரமிட்டது. 1660 ஏப்பிரிலில் அதன் தலைவரும், பத்தொன்பது வயதினரான அவர் மகன் றொபேட் நொக்ஸும், மாலுமிகளும் கண்டி மன்னனின் ஆட்களாற் சிறைப்பிடிக்கப்பட்டனர். மூதூரிலே புளியமரத்தடியில் நிகழ்ந்ததாகக் கூறப்படும் அந்நிகழ்ச்சிக்கு அங்கே நினைவுச் சின்னமும் உண்டு. நொக்ஸ் 1679இல் தப்பியோடி 1681இல் நூல் வெளியிட்டார். அதற்குப் பத்தாண்டுக்குள், உடல் நிறையக் குத்தப்பட்ட ஜியோலி என்னும் கீழைத்தீவினர் ஒருவரை வில்லியம் டம்பியர் என்னும் கடலோடி இலண்டனுக்குக் கொண்டுசென்றார்; அங்கே அவர் காசுக்குக் காட்டப்பட்டார். அம்மனிதரைப் பற்றிய பேரம் தொடங்கிய இடம் சென்னைப் புனித ஜோர்ஜ் கோட்டை. முகமும் கையும் காலும் நீங்கலாக உடலெங்கும் பரந்திருந்த அக்கோலத்தின் அளவே அவரை விலைப்பொருளாக்கிற்று. ஒரு தேளோ மீனோ மட்டும் இருந்திருப்பின் எவரும் பணம் கொடுத்திரார்.

1769இல் குக்கின் கப்பல் தாகித்தித் தீவை அடைந்தபின் ஐரோப்பிய மாலுமிகளிடையே இவ்வழக்கு பெரிதும் பரவியது. 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து பிரித்தானியர் கைப்பற்றிய திருகோணமலை, 1957 வரை அவர்தம் கடற்படைத் தளமாயிருந்தமையால், நங்கூரமும் தகைவிலான் குருவியும் குத்திய முன்கைகளை இத்துறைமுகம் பல தலைமுறையாகக் கண்டிருக்க வேண்டும். மாலுமிக்கு முன்கையே உரிய இடம்: வேலைக்குச் சட்டைக் கையை மடித்தால் தெரியும், அணிவகுப்பில் மறையும். பிரித்தானியக் கடற்படையின் சேவைப் பதிவேடுகளிலும் தழும்பும் குறியும் எழுதப்பட்டன. மாலுமி தன் காதலியின் பெயரைக் குத்தினான்; எழுத்தர் அதனை இடக்கை எனக் குறித்துக்கொண்டார். நேற்றாலுக்குச் சென்ற தமிழ்ப் பெண்ணின் கைக்கும் அவனது கைக்கும் இந்த ஓர் ஒற்றுமை உண்டு. அரச குடும்பத்தவர் இத்தொல்லைக்கு ஆட்படவில்லை. பின்னர் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரான இளவரசர் 1881இல் யப்பானிலே கையிற் பறவைநாகத்தைக் குத்திக்கொண்டார். மூன்று மணி நேர வேலை என்பர். மறு ஆண்டு தொடக்கத்தில் 'பக்கான்ரி' கப்பலில் இலங்கைக்கு வந்தபோது அந்நாகம் சட்டைக் கைக்குள்ளே இருந்தது.

1891இல் நியூயோர்க்கில் சாமுவேல் ஓறைலி மின்னாற் குத்தும் கருவிக்கு உரிமம் பெற்றமை அளவைப் பற்றிய கணக்கையே மாற்றிற்று. ஊசிக்கட்டைக் கையாற் குத்திய காலத்தில் ஒரு முழு முதுகு என்பது பல நாள் வேதனை. இயந்திரம் அதனைச் சில அமர்வுகளுக்குள் அடக்கியது. தலைமுறைகள் தேர்ந்துகொண்ட இடங்களையும் அளவுகளையும் நோவே காத்து நின்றது என்பது அதன்பின்னரே தெரியவந்தது. நோவு குறைந்ததும் குறி வளர்ந்தது.

மூதூரின் முஸ்லிம் குடும்பங்களிற் பச்சை குத்துதல் விலக்கப்பட்டது. குத்துபவளையும் குத்திக்கொள்பவளையும் நபிமொழி சபிக்கின்றது. ஆயினும் உடலில் எழுதும் விருப்பம் அங்கே மருதோன்றியாகத் தழைத்தது. இடத்தைப் பொறுத்தவரை இரண்டும் நேர்மாறானவை. பச்சைக்கு ஆகாத உள்ளங்கையும் பாதமுமே மருதோன்றிக்கு உகந்தவை. தடித்த மேற்றோலின் புரதத்தோடு அச்சாயம் பற்றிக்கொள்வதால் அங்கேயே ஆழ்ந்து சிவக்கும். அத்தோல் உதிரும்போது அதுவும் உதிரும். பெருநாளுக்கு மறுமாதம் கை வெறுங்கை. அளவிலே தயக்கம் வேண்டாத எழுத்து அது. பிழைத்தாலும் சில வாரங்களே.

அரசியல் இவ்வழக்கைக் கைக்கொண்டபோது அழியாமையே வேண்டப்பட்டது. 1970களில் எம்.ஜி.ஆர். தம் கட்சியினர் கட்சிக் கொடியைக் கையிற் பச்சை குத்திக்கொள்ள வேண்டும் எனக் கூறியபோது கட்சிக்குள்ளேயே மறுப்பு எழுந்தது. நெஞ்சில் இருந்தாற் போதாதா என்று கேட்கத் தோன்றும். நெஞ்சை எவரும் திறந்து பார்ப்பதில்லை, கையை எவரும் பார்க்கலாம் என்பதே விடை. 2016இல் ஜெயலலிதாவின் முகத்தைக் கையிற் குத்திக்கொண்டோர் ஓர் உருவப்படத்தின் நுணுக்கத்தை நாடினர். முகத்துக்கு அளவு வேண்டும். கண்ணும் இதழும் சிறிய பரப்பிற் காலப்போக்கிற் கலங்கிவிடும்.

2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை மூதூர்க் கரையையும் தாக்கியது. பேரழிவுகளில் இறந்தோரை இனங்காண்பதற்கு இன்ரர்போல் வகுத்த நெறிகளிற் கைரேகை, பல், மரபணு ஆகியன முதன்மைச் சான்றுகள். பச்சைக்குத்து துணைச் சான்று. நீரில் ஊறிய உடலின் மேற்றோல் கழன்ற பின்னும் உட்டோலிலுள்ள கரி எஞ்சி நிற்கும். முகம் தன் உறவினரை இழந்த நிலையிற் கை ஒரு பெயரைச் சொல்லக்கூடும். நேற்றால் எழுத்தர்களும் கடற்படை எழுத்தர்களும் வேறு நோக்கத்தோடு எழுதிவைத்த அதே நிரல், இங்கே ஒரு தாய்க்குத் தன் பிள்ளையைத் திருப்பித் தருவது.

2014 ஏப்பிரிலில் ஆங்கிலேயத் தாதியொருவர் கட்டுநாயக்க விமான நிலையத்தில் வந்திறங்கினார். அவரது வலது மேற்கையிலே தாமரைமேல் அமர்ந்த புத்தரின் உருவம் பெரிதாகவும் பல நிறங்களிலும் குத்தப்பட்டிருந்தது. அவர் பக்தியினாற் குத்திக்கொண்டதாகக் கூறினார். அதிகாரிகள் அதனை அவமதிப்பாக வாசித்தனர். கைது செய்யப்பட்டு, தடுத்து வைக்கப்பட்டு, நாடுகடத்தப்பட்டார். அவர் தொடுத்த அடிப்படை உரிமை வழக்கில், அக்கைதுக்குச் சட்ட ஆதாரம் இல்லை எனக் கண்ட உயர் நீதிமன்றம் 2017 நவம்பரில் அவருக்கு இழப்பீடு வழங்குமாறு பணித்தது. அவ்வுருவம் இருந்த இடம், முழங்கை வரை நீளும் ஒரு சட்டைக் கையால் முற்றாக மறையக்கூடியது.